மெலியும் இடம்

புது சாக்ஸுக்கு அளவு கொடுக்க யார் வந்தாலும், பழைய சாக்ஸ் ஒரு ஜோடியையும் எடுத்து வாருங்கள் என்று சொல்லிவிடுவேன். துவைத்ததாக இருந்தால் போதும், கிழிந்திருந்தால் இன்னும் நல்லது. காலை அளந்து தெரிந்துகொள்வதைவிட, அந்தக் கால் எதைத் தேய்த்திருக்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்வது அதிகம். குதிகாலின் பின்புறம், செருப்பு வார் படும் உயரத்தில் தேய்ந்திருந்தால் ஷூ லூசாக இருக்கிறது, அல்லது ஷூவின் உள்துணி கிழிந்து அதன் விளிம்பு அறுக்கிறது. குதிகாலின் அடியில் தேய்ந்திருந்தால் குதியை ஊன்றி நடப்பவர். கட்டைவிரல் நுனியில் ஓட்டை என்றால் நகம் வெட்டவில்லை, அல்லது சாக்ஸ் நீளம் பற்றவில்லை. ஒரு காலில் மட்டும் தேய்மானம் இருந்தால், "எந்த முட்டியில் வலி?" என்று கேட்பேன். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

குன்னூரில் இருந்து இந்தத் தொழிலைச் செய்வதால் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊரில் சமதரையே கிடையாது. இறக்கத்தில் நடக்கும்போது கால் ஷூவுக்குள் முன்பக்கமாகச் சறுக்கும். அதனால் இங்கே விரல் முனைதான் முதலில் போகும். கோயம்புத்தூரிலிருந்து ஆர்டர் கொடுப்பவர்களுக்குக் குதிகால்தான் முதலில் போகும். ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே கை. ஆனாலும் எங்கே பலம் வைக்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது.

அப்பாவுக்கு அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. நான் பள்ளியில் படித்த 1960-களின் கடைசியில் பெண் பிள்ளைகளுக்குக் கைவேலை வகுப்பு கட்டாயம். ஸ்வெட்டர், தொப்பி, மஃப்ளர் எல்லாரும் பின்னுவார்கள். சாக்ஸ் பின்னத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. இரண்டு ஊசியில் பழகிய கைக்கு நான்கு ஊசி பெரிய தடை. மூன்று ஊசிகளில் கண்ணிகளை முக்கோணமாகப் பிரித்து வைத்துக்கொண்டு, நான்காவது ஊசியால் சுற்றிச் சுற்றிப் பின்ன வேண்டும். முதல் பத்துச் சுற்று கையில் முள்ளம்பன்றியைப் பிடித்திருப்பதுபோல இருக்கும். எங்கள் கைவேலை டீச்சர் மட்டும் அதைப் பிடிவாதமாகக் கற்றுக் கொடுத்தார். "ஸ்வெட்டரில் தப்பு இருந்தா கண்ணுக்குத் தெரியும், பாப்பா. சாக்ஸில் தப்பு இருந்தா காலுக்குத் தெரியும்" என்பார்.

ஊசிக்குப் பஞ்சமில்லை. கேத்தியில் 1949-ல் தொடங்கிய நீடில் கம்பெனி இருந்தது. அங்கே தயாராகும் போனி ஊசிகள் உலகம் முழுக்கப் போகின்றன. எங்களுக்கு அது மலை ரயிலில் சில ஸ்டேஷன் தாண்டிய பக்கத்து ஊர். ஸ்வெட்டருக்கு 8-ம் நம்பர், 10-ம் நம்பர். சாக்ஸுக்கு 13 அல்லது 14. நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். 13-ம் நம்பர் இரண்டேகால் மில்லிமீட்டர், 14 சரியாக இரண்டு மில்லிமீட்டர். இந்த வித்தியாசத்தில்தான் சாக்ஸின் ஆயுள் இருக்கிறது.

சாக்ஸ் உழைக்க வேண்டுமென்றால் தடிமனாகப் பின்ன வேண்டும் என்றுதான் வருபவர்கள் எல்லாரும் நினைக்கிறார்கள். "நல்லா மொத்தமா போடுங்கக்கா" என்பார்கள். மொத்த நூலைப் பெரிய ஊசியில் தளர்வாகப் பின்னினால் மெத்தென்று இருக்கும், சீக்கிரம் முடியும், பார்க்கவும் அழகு. ஆனால் கண்ணி தளர்வாக இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் நூல் நூலோடு உரசும், இழைகள் வெளியே வந்து உருண்டை கட்டும், பிறகு பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். மெல்லிய நூலை மெல்லிய ஊசியில் நெருக்கிப் பின்னினால் நூலுக்கு அசைய இடமில்லை. ஸ்வெட்டருக்கு அங்குலத்துக்கு 6 கண்ணி வந்தால் போதும். அதைவிட மெல்லிய சாக்ஸ் நூலில் அங்குலத்துக்கு 8 கண்ணி வர வேண்டும். பின்னி முடித்த துணியைக் கையில் இழுத்துப் பார்த்தால் கண்ணிகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. தடிமனை நம்பாதீர்கள், நெருக்கத்தை நம்புங்கள். இத்தனை வருஷத்தில் நான் மாற்றிக்கொள்ளாத ஒரே கொள்கை இது.

இறுக்கமும் அப்படித்தான். லூசான சாக்ஸ்தான் சுகம் என்று நினைப்பது தவறு. லூசாக இருந்தால் ஷூவுக்குள் மடியும், மடிப்பு தோலை அழுத்தும், கொப்புளம் வரும். கூடவே சாக்ஸும் தேயும். பாதத்தின் அகலமான இடத்தின் சுற்றளவில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுப் பின்ன வேண்டும். 9 அங்குலச் சுற்றளவுக்கு 8 அங்குலச் சாக்ஸ், அதாவது 64 கண்ணி. நீளத்திலும் கால் அங்குலம், அரை அங்குலம் குறைத்துக்கொள்ளலாம். ஆளை நிற்க வைத்துத்தான் அளக்க வேண்டும். எடை இறங்கும்போது பாதம் விரியும். முடிந்தால் சாயங்காலம் வரச் சொல்வேன், காலையில் இருக்கும் கால் மாலையில் இருப்பதில்லை.

நூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் தொடங்கிய காலத்தில் சுத்தக் கம்பளி நூல் கிடைத்தது. சொரசொரவென்று இருக்கும், ஆனால் முறுக்கு நன்றாக இருக்கும். பிறகு கேஷ்மிலான் என்ற அக்ரிலிக் நூல் வந்தது. விலை குறைவு, கலர் கலராகக் கிடைக்கும், பூச்சி அரிக்காது, எப்படி அடித்துத் துவைத்தாலும் சுருங்காது. ஊட்டியிலும் குன்னூரிலும் வீட்டுக்கு வீடு கேஷ்மிலான் ஸ்வெட்டர்தான். ஸ்வெட்டருக்கு அதைக் குறை சொல்ல மாட்டேன். சாக்ஸுக்கு அது உதவாது. வியர்வையை உறிஞ்சாது, கால் உள்ளே நசநசவென்று ஊறும். நாலைந்து முறை போட்டதும் நெகிழ்ந்துவிடும், திரும்பப் பழைய அளவுக்கு வராது. கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீதம் ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் நெகிழ்ந்த கண்ணி தானாகக் கூடிவிடும். மழையில் நனைந்த பூட்ஸுக்குள் நாள் முழுக்க நிற்கும் எஸ்டேட் ஆட்களுக்கு இந்த வித்தியாசம் விளக்கிச் சொல்லாமலே புரியும்.

கம்பளியின் பலவீனம் உரசல். அதற்குத்தான் நைலான். 1930-களில் அமெரிக்காவில் டுபாண்ட் கம்பெனியில் கரோதர்ஸ் குழு கண்டுபிடித்த இந்த இழை முதலில் பெண்களின் காலுறையாகத்தான் பிரபலமானது. இப்போது சாக்ஸுக்கென்றே வரும் நூலில் 75 பங்கு கம்பளி, 25 பங்கு நைலான். இதைவிட நல்ல கலவையை நான் பார்க்கவில்லை. சிலர் மெரினோ மட்டும்தான் வேண்டும் என்று கேட்கிறார்கள். மெரினோ மிருதுவானது, ஆனால் ஒற்றைப் புரியாகத் தளர்ந்து முறுக்கிய மெரினோவைக் குதிகாலில் வைத்தால் ஒரு குளிர்காலம்கூடத் தாங்காது. நூல் வாங்கும்போது நுனியைப் பிரித்துப் பாருங்கள். மூன்று புரியோ நான்கு புரியோ இருக்க வேண்டும், பிரிப்பதற்குக் கொஞ்சம் சிரமப்பட வேண்டும். லேபிளைவிட அது உண்மை பேசும்.

எங்கள் மலைக்கென்று ஓர் ஆடு இருக்கிறது. கோயம்புத்தூர் ஆட்டோடு வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆடுகள் கலந்து 19-ம் நூற்றாண்டில் உருவான நீலகிரிச் செம்மறி. தென்னிந்தியாவில் மெல்லிய கம்பளி தரும் இனம் அது. சாண்டிநல்லாவில் ஆராய்ச்சி நிலையம் வைத்து அதைக் காப்பாற்றி வருகிறார்கள். அந்தக் கம்பளியைக் கையால் நூற்றுக் கொடுத்ததில் ஒருமுறை பின்னியிருக்கிறேன். மெரினோவின் வழவழப்பு இல்லை, ஆனால் கண்ணி நின்ற இடத்தில் நிற்கிறது. அதைச் சாக்ஸ் நூலாக முறுக்கி, நைலான் சேர்த்து, நம் ஊரிலேயே விற்க யாராவது முன்வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆட்டை வைத்துக்கொண்டு நூலுக்கு வெளியூரைப் பார்த்துக் கொண்டிருக்கிறோம்.

இனி குதிகால். சாக்ஸின் மற்ற எல்லாப் பாகத்தையும் பேசிக்கொண்டே பின்னலாம், குதிகாலைப் பின்னும்போது பேச்சை நிறுத்திவிடுவேன். 64 கண்ணியில் பாதி, 32 கண்ணியை மட்டும் எடுத்து, முன்னும் பின்னுமாக ஒரு சின்னச் சதுரம் பின்ன வேண்டும். வெளிப்பக்கம் வரும்போது ஒரு கண்ணியைப் பின்னாமல் அடுத்த ஊசிக்கு மாற்றுவது, ஒன்றைப் பின்னுவது, மறுபடி ஒன்றை மாற்றுவது. உள்பக்கம் திரும்பும்போது முதல் கண்ணியை மட்டும் மாற்றிவிட்டு மற்றதெல்லாம் பர்ல் (எதிர்ப் பின்னல்). மாற்றிய ஒவ்வொரு கண்ணிக்கும் பின்னால் நூல் குறுக்கே ஓடும். அதனால் அந்த இடம் மட்டும் இரட்டைத் துணியாகிவிடும். மாற்றும் கண்ணியை ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை இடம் தள்ளிப் பின்னினால் புள்ளி புள்ளியாக வரும், அதைக் கௌதாரிக் கண் என்பார்கள். முன்னது கொஞ்சம் மொத்தம், பின்னது கொஞ்சம் தட்டை. ஷூ இறுக்கமாக இருப்பவர்களுக்கு நான் பின்னதைப் போடுவேன்.

32 வரிசை ஆனதும் குதியைத் திருப்ப வேண்டும். 18 கண்ணி பின்னி, இரண்டை ஒன்றாகச் சேர்த்து, இன்னொன்று பின்னி, வரிசை முடியாமலே திரும்பிவிட வேண்டும். மறுபக்கம் ஒன்றை மாற்றி, 5 பின்னி, இரண்டைச் சேர்த்து, ஒன்று பின்னி, மறுபடி திரும்ப வேண்டும். இப்படிப் போகப் போக நடுவில் ஒரு கிண்ணம் எழும்பும். கடைசியில் 18 கண்ணி மிஞ்சும். சதுரத்தின் இரண்டு ஓரத்திலிருந்தும் பதினாறு பதினாறு கண்ணி பொறுக்கி எடுத்து, மேற்பாதத்தின் 32 கண்ணியோடு சேர்த்தால் 82. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று இரண்டிரண்டாகக் குறைத்தால் ஒன்பது முறையில் மறுபடி 64-க்கு வந்துவிடும். கற்றுக்கொள்ள வரும் பெண்களிடம் இந்தக் கணக்கை மனப்பாடம் செய்யச் சொல்ல மாட்டேன், விரலால் எண்ணச் சொல்வேன். மேற்பாதம் உயர்ந்த காலுக்குச் சதுரத்தை நாலைந்து வரிசை நீட்ட வேண்டும் என்பது அப்படி எண்ணியவர்களுக்குத்தான் பிடிபடும்.

பலம் கூட்ட நைலான் இழையைக் குதிகாலிலும் விரல் முனையிலும் நூலோடு சேர்த்துப் பின்னுவேன். அதற்கென்று வரும் மெல்லிய இழை கிடைக்காத காலத்தில் பலர் தையல் மெஷின் நூலைச் சேர்த்தார்கள். இன்றும் சேர்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தையல் நூல் கடினமாக முறுக்கியது, நீளாது. நடக்க நடக்க அது கம்பளியை உள்ளிருந்து அறுத்துவிடும். கடைசியில் கம்பளி போய் தையல் நூல் மட்டும் வலைபோல நிற்கும். அப்படி எத்தனையோ சாக்ஸ் என்னிடம் ரிப்பேருக்கு வந்திருக்கிறது. நைலான் கலந்த நூலாக இருந்தால் தனி இழைகூட வேண்டாம், குதிகாலுக்கு மட்டும் 13-ம் நம்பர் ஊசியை வைத்துவிட்டு 14-ஐ எடுத்துக்கொண்டாலே போதும்.

கம்பூட்ஸ் போடுபவர்களுக்குக் கணுக்காலுக்கு மேலும் தேயும். பூட்ஸின் வாய் ஒவ்வொரு அடிக்கும் காலை அடித்துக்கொண்டே இருக்கும். அங்கே நாலு அங்குலம் நெருக்கிப் பின்ன வேண்டும். அட்டைக்கும் கம்பளி சாக்ஸ் தடுப்பு என்று சிலர் நம்பி வருவார்கள். பின்னல் துணியில் எவ்வளவு நெருக்கினாலும் அட்டை கண்ணி வழியாக உள்ளே வந்துவிடும். அதற்குத் தறியில் நெய்த கெட்டித் துணியில் தைத்த அட்டை சாக்ஸ்தான் சரி. அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

மலையில் இன்னொரு வழக்கம் உண்டு. வயதானவர்கள் வீட்டுக்குள் சாக்ஸ் போட்டுக்கொண்டு அதன் மேலேயே ஹவாய் செருப்பு போடுவார்கள். சாக்ஸ் துணியைக் கட்டைவிரல் இடுக்கில் திணித்துக்கொண்டு நடப்பார்கள். அந்த மடிப்பு கிழிவது நிச்சயம், தடுக்கி விழுவதும் உண்டு. இவர்களுக்குக் கட்டைவிரலைத் தனியாகப் பிரித்துப் பின்னிக் கொடுக்கிறேன். இது புதுமையே இல்லை. எகிப்தில் கிடைத்த, ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கும் மேல் பழமையான சிவப்புக் கம்பளிச் சாக்ஸ் ஒரு ஜோடி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒற்றை ஊசியால் முடிச்சு முடிச்சாகச் செய்தது. அதிலும் கட்டைவிரல் தனியாகத்தான் பிரிந்திருக்கிறது, செருப்போடு போடுவதற்காக. படத்தில் பார்த்தபோது எங்கள் தெருப் பாட்டி ஒருவருடையது என்றே தோன்றியது. இதில் விரல் இடுக்கில்தான் தேயும், அங்கே நாலு கண்ணி கூடுதலாக ஏற்றி நைலான் சேர்க்க வேண்டும்.

இப்போது எனக்கு வரும் ஆர்டரில் பெரும்பகுதி சர்க்கரை நோய் உள்ளவர்களுடையது. முன்பு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள்தான் வருவார்கள், ராணுவம் இருக்கும் வெலிங்டன் பக்கத்தில் இருப்பதால். அவர்களில் சர்க்கரை நோய் உள்ள ஒரு சுபேதார் வருஷா வருஷம் வருவார். ஒருமுறை கடையில் வாங்கிய சாக்ஸ் ஒன்றை உள்வெளியாகத் திருப்பிக் காட்டி, "இந்தத் தையல் மேல கால் வெச்சு நடந்திருக்கேம்மா, வலிக்கவே இல்லை" என்றார். விரல் முனையில் புண். வலிக்காததுதான் ஆபத்து. நரம்பு மரத்த காலுக்கு ஒரு தையல் மேடும் கல்லும் ஒன்றுதான், ஆனால் அது தெரியாது.

அதன் பிறகு அப்படிப்பட்டவர்களுக்குத் தனி முறை வைத்திருக்கிறேன். விரல் முனையை ஊசி நூலால் கண்ணிக்குக் கண்ணி கோத்து மூடுவேன், மேடே இருக்காது. இந்த முறைக்குக் கிச்சனர் பெயரைச் சொல்வார்கள். இங்கே இந்தியப் படைக்குத் தளபதியாக இருந்து, முதல் உலகப் போரில் பிரிட்டனின் போர் அமைச்சரான அதே கிச்சனர். பதுங்குகுழியில் தண்ணீரில் நின்று கால் அழுகிய சிப்பாய்களுக்காகத்தான் அந்தப் போரில் வீட்டுக்கு வீடு சாக்ஸ் பின்னினார்கள். மேல்விளிம்பைப் பெரிய ஊசியில் தளர்வாக ஏற்றுவேன், எலாஸ்டிக் வைக்க மாட்டேன், கழற்றினால் காலில் வரி பதிந்திருக்கக் கூடாது. நிறம் வெளிறியதாக இருக்க வேண்டும், ரத்தமோ நீரோ கசிந்தால் உடனே தெரியும். உள்ளங்காலில் இரட்டைத் துணி வேண்டாம், அதன் மேடுகள் குத்தும். அங்கே ஆயுளைக் கொஞ்சம் விட்டுக் கொடுத்துவிட்டுச் சுகத்தைப் பார்க்க வேண்டும். எல்லா இடத்திலும் பலம் என்பது தப்பான கணக்கு.

மெஷின் சாக்ஸைப் பற்றிக் கேட்பார்கள். உருளையில் 144, 168, 200 ஊசி வைத்த மெஷின் ஒரு சாக்ஸைச் சில நிமிஷத்தில் தள்ளிவிடும், நைலானையும் சீராகச் சேர்க்கும். தினசரி ஆபீஸுக்கு அது போதும் என்று நானே சொல்வேன். என் கைக்கு ஒரு ஜோடி ஒரு வாரம் பிடிக்கும். விலையில் நான் போட்டி போட முடியாது. ஆனால் பெருவிரல் எலும்பு புடைத்த கால், சின்ன வயதில் செருப்பில்லாமல் நடந்து விரல்கள் விரிந்த கால், வீங்கிய கால், இரண்டும் இரண்டு அளவான கால், இவற்றுக்கு மெஷினில் இடமில்லை. அவர்களுக்காகத்தான் இந்த வேலை இன்னும் இருக்கிறது.

கடைசியாகப் பராமரிப்பு. வெந்நீர் கூடாது, சோடா தூக்கலான பார் சோப் கூடாது, அடித்துத் துவைக்கக் கூடாது. பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீர் கம்பளிக்கு நல்லது. முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்துங்கள். மழைக்காலத்தில் காயவில்லை என்று அடுப்பு மேல் போடாதீர்கள். அழுக்கோடு பெட்டியில் வைத்தால் பூச்சி தேடி வரும், துவைத்துக் காயவைத்து வேப்பிலையோ வசம்போ போட்டு வையுங்கள். இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள்.

மாதம் ஒருமுறை சாக்ஸுக்குள் கையை விட்டு விளக்குக்கு நேரே விரித்துப் பாருங்கள். மெலிந்த இடத்தில் வெளிச்சம் தெரியும். அப்போதே அதே நூலை ஊசியில் கோத்து, கண்ணி போன வழியிலேயே மேலே ஒருமுறை ஓட்டிவிட்டால் அரை மணி நேர வேலை. ஓட்டை விழுந்துவிட்டால் டார்னிங்தான். ஃப்யூஸ் போன குண்டு பல்பை உள்ளே வைத்து, ஓட்டைக்கு அரை அங்குலம் வெளியே நல்ல துணியிலிருந்து தொடங்கி நெடுக்காக இழை ஓட்ட வேண்டும், பிறகு குறுக்கே ஒன்று மேலே ஒன்று கீழே என்று பாய் முடைவதுபோல நெய்ய வேண்டும். முடிச்சு போடக் கூடாது, காலில் குத்தும். ஒவ்வொரு திருப்பத்திலும் நூலைக் கொஞ்சம் தளர்த்தி விட வேண்டும், இல்லையென்றால் துவைத்ததும் சுருங்கி இழுக்கும். விரல் முனை முழுக்கப் போயிருந்தால் இன்னும் சுலபம். மேலிருந்து கீழாகப் பின்னிய சாக்ஸை விரல் பக்கமிருந்து பிரிக்கலாம். நல்ல கண்ணி வரும்வரை பிரித்து, ஊசியில் ஏற்றி, புது முனை பின்னிவிடலாம். நான் எப்போதும் மேலிருந்தே தொடங்குவதற்குக் காரணம் இதுதான்.

நான் கொடுக்கும் ஒவ்வொரு ஜோடியோடும் மிச்ச நூலைச் சின்ன உருண்டையாகச் சுற்றிக் கொடுத்தனுப்புகிறேன். அதைத் தொலைத்துவிடாதீர்கள். சாக்ஸ் மெலிந்ததும் அந்த உருண்டையோடு எடுத்து வாருங்கள், ஓட்டை விழும்வரை காத்திருக்க வேண்டாம்.